நான் இல்லாத கல்யாண நாள் போட்டோ

இன்று காலை உங்கள் தங்கை சரசு ஒரு பார்சல் அனுப்பியிருந்தாள். பிரிக்கும்போதே பிரிண்டிங் மை வாசனை குப்பென்று அடித்தது. நெஞ்சில் உங்கள் முகம் அச்சடித்த டீ-சர்ட். கீழே நம் கல்யாண நாள். அளவு வழக்கம்போல எக்ஸ்எல். செத்த பிறகும் உங்களுக்கு என் அளவு தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் போனும் வந்தது. "அண்ணி, தீவாளி லீவுக்கு வண்டி சொல்லியாச்சுங்க. அண்ணன் இருந்தா விட்டிருக்குமாங்க? எல்லாரும் இதையே போட்டுக்கிட்டு வால்பாறை போறோம்."

"நான் வரலை சரசு" என்றேன். அவள் அழுதாள். அழட்டும். நான் கோபமாகத்தான் இருக்கிறேன், அவள் மேல் இல்லை, உங்கள் மேல்.

நமக்குக் கல்யாணம் நடந்தது ஆவணியில். ஆவணியில் ஷிப்மெண்ட் நெருக்கும் என்று நீங்கள் கல்யாண நாள் கொண்டாட்டத்தையே ஐப்பசிக்குத் தள்ளிவிட்டீர்கள். தீபாவளிக்கு வேலையாட்கள் ஊருக்குப் போய், திருப்பூர் நெருப்பெரிச்சலில் நம் பனியன் யூனிட் சத்தமில்லாமல் கிடக்கும் அந்த நாட்களில்தான் நமக்குக் கல்யாண நாள். அதுவும் தனியாக இல்லை. உங்கள் அண்ணன் தம்பி குடும்பம், சேவூரிலிருந்து சரசு குடும்பம், எல்லோருக்கும் ஒரே வேன். மீந்த எக்ஸ்போர்ட் துணியில் எல்லோருக்கும் ஒரே டீ-சர்ட். அமெரிக்காக்காரன் மார்பளவைக் கண்ணால் பார்த்தே சொல்கிற மனுஷன், மொத்தமாக ஒரே அளவில் வெட்டித் தைத்துவிடுவீர்கள். அதைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு ஊட்டி, ஏற்காடு, கொடைக்கானல் என்று எல்லா ஊரிலும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். வேனில் பாதிப் பேருக்கு வாந்தி வரும். எலுமிச்சம்பழம் அறுத்துக் கொடுப்பது என் வேலை. என் கல்யாண நாளில் எனக்கு வேறு வேலையே இருந்ததில்லை.

இருபத்தைந்தாவது வருடம் மட்டும் வாய்விட்டுக் கேட்டேன். "ஏனுங்க, இந்த ஒரு தடவை நாம ரெண்டு பேரு மட்டும் போலாங்க." நீங்கள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அதுக்கென்ன அம்மிணி, வால்பாறை போலாம்" என்றீர்கள். நம்பினேன். புதுப்புடவைக்கு ஃபால்ஸ் அடித்து வைத்தேன். கார் பல்லடம் தாண்டியபோது பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

பொள்ளாச்சியில் டிபன் சாப்பிடலாம் என்று நிறுத்தினீர்கள். ஓட்டல் வாசலில் அதே வேன். இருபது பேர், மஞ்சள் டீ-சர்ட், நெஞ்சில் இருபத்தைந்து. "அண்ணி, சர்ப்ரைஸ்!" என்று சரசு ஓடிவந்து என் கழுத்தில் ஒன்றை மாட்டப் பார்த்தாள். நீங்கள் சிரித்துக்கொண்டு நின்றீர்கள், வெளிநாட்டு பையர் சாம்பிளை ஓகே பண்ணிவிட்ட மாதிரி.

நான் காரிலிருந்து என் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன். பின்னாலேயே வந்தீர்கள்.

"அம்மிணி, என்ன இது? எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டுங்க. அதுக்குத்தானே கூட்டியாந்திருக்கீங்க."

திருப்பூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். நீங்களும் ஏறி வருவீர்கள் என்று பக்கத்துச் சீட்டில் பையை வைத்துப் பிடித்திருந்தேன். வரவில்லை. வந்த சனத்தை ஏமாற்றக் கூடாது என்று வால்பாறைக்கே போனீர்கள். கேக்கும் வெட்டினீர்கள். அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியும் வைத்தீர்கள். இருபத்தைந்தாவது கல்யாண நாள், பெண்டாட்டி இல்லாமல். வருகிறவர்கள் எல்லோரும், "நீங்க எங்கீங்க இதுல?" என்று கேட்பார்கள். நான்தான் எடுத்தேன் என்று பொய் சொல்வேன். உங்கள் மானத்தை அப்படிக் காப்பாற்றியிருக்கிறேன்.

அதை மறந்து இந்தக் கடிதத்தில் உங்களைப் புகழ்ந்து எழுத என்னால் முடியாது. ஆனால் அடுத்த ஆவணியையும் எழுதத்தான் வேண்டும்.

சரியாக நம் கல்யாண நாள். ஷிப்மெண்ட் தலைக்கு மேல் இருந்த வாரம். காலை பதினோரு மணிக்கு வாசலில் கார் சத்தம் கேட்டது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் சமையலறை வாசல்வரை வந்து நின்றீர்கள்.

"கிளம்பு அம்மிணி. வால்பாறை. வேற யாரும் இல்லை."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நிஜமாகவே காரில் யாரும் இல்லை. மாவுக் கையைக் கழுவிக்கொண்டு வந்திருக்க வேண்டியதுதான். வீம்பு விடவில்லை.

"உங்க தங்கச்சியக் கூட்டிட்டுப் போங்க. எனக்கு ஊட்டுல வேலை கெடக்குது."

நீங்கள் "சரி" என்றீர்கள். கார் யூனிட்டுக்குத் திரும்பிப் போனது. அன்று சாயங்காலமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. மார்கழியில், யூனிட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

சாயம் போடக் கொடுத்த துணி ஒரு நாள் தாமதமானால் வீரபாண்டி டையிங்குக்குப் பத்துத் தடவை போன் போடுவீர்கள். கெஞ்சுவீர்கள், திட்டுவீர்கள், நேரிலேயே போய் நிற்பீர்கள். என்னிடம் மட்டும் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். நான் செய்ததும் தப்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இருபத்தாறு வருடம் கூட இருந்தவருக்கு என் "வரமாட்டேன்" எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டாமா? இன்னொரு தடவை கேட்டிருந்தால் வந்திருப்பேனுங்க.