கரையில் இல்லாத செருப்பு

ஞாயிறு, இரவு.

எங்கள் நீச்சல் கூட்டத்தில் கடலில் இறங்குகிறவர்கள் செருப்பைக் கரையில் வரிசையாக விட வேண்டும். ஒரு ஜோடி மிஞ்சினாலும் யாரும் வீட்டுக்குப் போகமாட்டோம், தேடுவோம். இன்று என் செருப்பு வார் அறுந்துவிட்டது. வெறுங்காலோடு ஓடி, கடைசி ஆளாக இறங்கினேன். ஆழத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மிதந்து மிதந்து கரையேறினால் ஒருவரும் இல்லை. எல்லாரும் டீக்கடையில்.

என்னைக் கண்டதும் கூட்டாளி அந்தோணிக்கு முகம் வெளுத்தது. "இன்னா மாமு, செருப்பு வுடாம எறங்கிக்கீற? நீ தண்ணில கீறேன்னு எவனுக்குத் தெரியும்?"

வயசாகிவிட்டது, இனி வராதே என்பான் என்று பயந்தேன். அவன் தன் செருப்பைக் கழற்றி என் பக்கம் தள்ளினான். "நாளைக்கு இத்த வுட்டுட்டு எறங்கு."

வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தான். செருப்பு எனக்குப் பெரிது, நடக்கவே முடியவில்லை. கரையில் கிடந்தால் போதும்.