இரண்டு ‘டெம்ப்’

மார்ச் 3, திங்கள்
காலையிலேயே வெயில் சுடுகிறது. அத்தைக்கு பி.பி. மாத்திரை, பால், கரண்ட் பில்.
பீங்கான் யூனிட் முதலாளி ஃபோன். சரவணன் எழுதிய, சூளையின் சூட்டைக் கட்டுப்படுத்தும் புரோகிராமில் புதுச் சூளையையும் சேர்க்க வேண்டுமாம். “அவரு இருந்திருந்தா உங்களத் தொந்தரவு பண்ண மாட்டேம்மா.”
சரி என்றேன். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்கும் அதே வேலைதான். தை மாதம் அவர் தவறியதோடு விட்டது.

மார்ச் 4
அவர் லேப்டாப். அவர் எழுதிய புரோகிராம் வரிகள். நான் அழுவேன் என்று அத்தை கதவோரம் நின்றார். அழுகை வரவில்லை. என் வரிகளை, புதுச் சூளைக்கானதை, அடியில் சேர்த்தேன்.

மார்ச் 6, வியாழன்
யூனிட்டில் சோதனை. சூளைகள் காலி, நல்லவேளை. பழைய சூளையின் சூடு ஸ்கிரீனில் ஏறவே இல்லை. சூளை பார்க்கும் முருகேசன் அண்ணன் கத்தினார்: “யம்மா, உள்ள செக்கச்செவேல்னு இருக்குது! ஆஃப் பண்ணுங்க!”
நான் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே ஓடி மெயினை இறக்கினார்.
முதலாளி: “நாளன்னிக்கி சரக்கு ஏத்தணும். முடியலன்னா சொல்லிடுங்கம்மா, வேற ஆள பாக்குறேன்.”
நியாயமாகப் பயந்திருக்க வேண்டும். பயமும் வரவில்லை. பஸ் ஏறி வந்துவிட்டேன்.
மாலை. பிடிபட்டது. அவர் ‘டெம்ப்’ என்று பெயர் வைத்தது வெப்பநிலைக்கு, டெம்பரேச்சர். நான் ‘டெம்ப்’ என்று வைத்தது ஏதோ ஓர் எண்ணைத் தற்காலிகமாகப் போட்டுவைக்க, டெம்பரரி. ஒரே புரோகிராம், ஒரே பெயர். அவர் எண்ணின் மேல் என் எண் ஏறி உட்கார்ந்துவிட்டது. சூடு போதவில்லை என்று சூளை எரித்துக்கொண்டே போயிருக்கிறது.

மார்ச் 7
என் ‘டெம்ப்’பை அதன் பகுதிக்குள்ளேயே அடைத்தேன். இனி வெளியே தெரியாது. அவருடையதை விட்டுவிடலாம் என்று பார்த்தேன். முடியாது. பொதுவில் கிடக்கும் பெயர். நாளை இன்னொருவர் வந்து அதையே வைப்பார். புதுப் பெயர்: சூளை1_வெப்பம். ‘எல்லா இடத்திலும் மாற்றவா?’ என்று கேட்டது. ஃபேன் சத்தம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு, ஆம். அவ்வளவுதான். அவர் வைத்த பெயர் எங்குமே இல்லை.

மார்ச் 8, சனி
சரக்கு ஏற்றியாயிற்று. சூளைக்குச் சூளை தனி எண். முருகேசன் அண்ணன் எட்டிப் பார்த்து, “சரியா போவுதும்மா. நீங்க வூட்டுக்குப் போங்க.”
அத்தை தட்டு வைத்தார். “ஓடுச்சாம்மா?”
“ஓடுதுங்க அத்தை.”
நாலு வாய் தின்றபின், “சாம்பார்ல உப்பே இல்லீங்களே.”
அத்தை தன் தட்டில் தொட்டு நாக்கில் வைத்தார். இன்னொரு முறை வைத்தார்.
“எத்தினி நாளா போடலன்னு தெரியலியேம்மா. நானுந்தான் துன்னுகிட்டு இருக்கேன்.”