சூப்பர்வைசரின் எண்

மார்ச் 10, செவ்வாய்

எங்கள் ஆஸ்பத்திரியில் செல்வி என்பவருக்குக் குழந்தை பிறந்து இன்றைக்குப் பதினோரு நாள். குதிகாலில் எடுத்த ரத்தத்தில் தைராய்டு குறைவு என்று முடிவு வந்திருக்கிறது. உடனே மாத்திரை தொடங்கினால் நன்றாக வளரும். தள்ளிப்போனால் மூளை வளர்ச்சி கெடும்.

பரிசோதனை அட்டையில் செல்வி கொடுத்திருந்த எண்ணில் பேசினேன். அது அவள் வேலை செய்யும் பனியன் கம்பெனியின் சூப்பர்வைசருடையது. செல்வி எங்கே என்று மட்டும் கேட்டேன். குழந்தையின் நோயை வேற்று ஆளிடம் எப்படிச் சொல்வது?

"நீங்க எந்தக் கம்பெனிங்க? எங்க டெய்லர இழுக்கப் பாக்கறீங்களா?"

"இல்லீங்க, ஆஸ்பத்திரிங்க."

"போன வாரமும் ஒருத்தர் பேங்க்குன்னு பொய் சொல்லித்தான் டெய்லரக் கேட்டாருங்க. செல்வி எங்கயும் வரமாட்டான்னு உங்க மொதலாளிகிட்டச் சொல்லிருங்க."

வைத்துவிட்டார்.

எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தப் பரிசோதனை என்று அரசாணை வந்தது. வீடு தேடிப் போக ஆள் போடுவதற்கு நிதி வரவில்லை. கணினியில் பதிவதுதான் என் வேலை. 'தொடர்புகொள்ள இயலவில்லை' என்று பதிந்திருந்தால் அது முடிந்திருக்கும். பதியவில்லை.

"குழந்தைக்கு அவசரமுங்க, செல்வி ஊட்டைக் காட்டுங்க" என்று இப்போது சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். இந்த விடுதி அறையில் இன்று நான் பேசியது அவ்வளவுதான். அட்டையில் உள்ள முகவரியும் மண்ணரையில் உள்ள அந்தக் கம்பெனிதான். காலையில் ஷிஃப்ட் தொடங்கும்முன் வாசலில் நின்று, அந்தச் சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லவேண்டும். குரல் வரவேண்டும்.