சாமிக்குப் போன முதல் பாட்டில்

சித்திரை 5, வெள்ளி இரவு. மீன்சுருட்டி.

கப்பல் சமையல்காரன் நான். எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் சாராயம் வடிக்கும் சின்னப் பட்டறைகளைத் தேடிப் போய்ப் பார்ப்பேன். ஸ்காட்லாந்து, மெக்சிகோ, ஜப்பான், எங்கும் ஒரே எச்சரிக்கைதான்: முதலில் சொட்டுவது விஷம், கொட்டிவிடு.

லீவில் வந்தவன் சும்மா இருந்திருக்கலாம். தோப்பில் முந்திரிப் பழம் அழுகி வீணாகிறதே என்று குடத்தில் புளிக்கவைத்து, இன்று குக்கரில் குழாய் மாட்டி வடித்தேன். முதலில் வந்ததை ஒரு பாட்டிலில் பிடித்து, கொட்டுவதற்காக ஓரமாக வைத்திருந்தேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால் காணோம்.

"மொதல்ல எடுத்தத சாமிக்கு வைக்காம நாம தொடலாமாங்க? கருப்பு கோயில்ல வச்சிட்டு வந்துட்டேன்" என்றாள் என் மனைவி செல்வி.

ஓடினேன். பாட்டில் காலியாகக் கிடந்தது. கருப்புக்கு வைத்ததைப் பூசாரி மாமாதான் எடுத்துக் குடிப்பார். வேறு யாரும் தொட மாட்டார்கள்.

அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் மருமகள் நின்றிருந்தாள். "மாமா சாப்புடாமயே படுத்துட்டாங்கண்ணே. தலைய வலிக்குதாம்."

உண்மை வாய் வரை வந்தது. சொன்னால் போலீஸ். "சரிம்மா, தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். செல்வியிடமும் சொல்லவில்லை.

அதைக் குடித்தால் முதலில் கண்தான் போகும் என்று ஸ்காட்லாந்துப் பட்டறைக் கிழவர் ஒருவர் சொல்லியிருந்தார்.

இப்போது பூசாரி வீட்டில் லைட் எரிகிறது. யாரோ பைக்கை உதைக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் என்ன குடித்தார் என்றுதான் முதலில் கேட்பார்கள். அது என்னவென்று எனக்கு மட்டும்தான் தெரியும்.