கூட இருக்கும் அறை

இன்று காலை எனக்கு வயிறு சரியில்லை. உப்பும் சீனியும் கரைத்து ஒரு வாய் குடித்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. "கண்ணீரவிடக் கரிச்சா கீழ ஊத்திரு, ஏளா" என்பாய். நமக்குள் "ஏடி" கிடையாது, "ஏளா"தான். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் நீயே ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாய். நீ போன பிறகு அந்தத் தண்ணீரை எனக்கென்று கரைத்தது இதுதான் முதல் தடவை.

எழுபதுகளில், துறைமுகச் சாலையில், தோழிகளான நாம் இரண்டு டாக்டர்களும் வேலை பார்த்த அந்த ஒற்றை அறை இரண்டு ஆஸ்பத்திரிகளுக்குப் பொது. ஒரு தராசு, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஃபிரிட்ஜ். வயிற்றுப்போக்கில் துவண்டு வரும் குழந்தைகளை அங்கேதான் சேர்ப்போம். சலைன் ஏற்றாமல், வாய்வழி உப்புச் சீனித் தண்ணீரிலேயே பிழைக்க வைக்க முடியுமா என்பதுதான் நம் ஆராய்ச்சி. கடற்கரை ஊர்களுக்கு சலைன் பாட்டில் போய்ச் சேருவதே இல்லையே என்று உனக்கு ஆத்திரம். அந்த வேகத்தில் "சோதனை அறை" என்று பலகை எழுதி மாட்டினாய். எழுத்து அழகு என்று நானும் மெச்சினேன். இரண்டு படித்த மண்டுகள்!

மணப்பாட்டிலிருந்து ஒரு தாய் வந்தாள். இடுப்பில் இருந்த பையனுக்குக் கண் குழிந்திருந்தது. அழுதும் கண்ணீர் வரவில்லை. பலகையைப் படித்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"சோதனையில எங்கள விட்ராதயும்னு தெனமும் செபம் சொல்லுதோம். நீங்க பிள்ளைய அதுக்குள்ளயே கொண்டுவரச் சொல்லுதீயளே!"

சொல்லிவிட்டுப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். கிறிஸ்தவ செபம் எதுவும் அறியாத, சாத்தான்குளத்துக் கடைக்காரர் மகளான எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாசரேத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த நீ தலையில் அடித்துக்கொண்டாய். "செபத்துல சோதனைன்னா பாவத்துல தள்ளுற கண்ணில்லா, ஏளா! அதே செபத்த நானும்தான சொல்லுதேன், எனக்கு உறைக்கலையே!" என்று ஸ்டெதாஸ்கோப் ஆட ஆட ஓடினாய். பின்னாலேயே நானும் ஓடினேன். அவள் பஸ் ஏறிவிட்டால் பையன் ஊர் போய்ச் சேரமாட்டான் என்று நம் இருவருக்கும் தெரியும்.

"அக்கா, அந்தப் பேரு வச்சது எங்க தப்புதான். உப்பும் சீனியும் கரைச்ச தண்ணிதான். எவ்வளவு குடிக்கான்னு நாங்க எழுதிக்கிடுவோம், அவ்வளவுதான்" என்றாய்.

"நானும் கூட இருக்கலாமா?" என்றாள் அவள்.

தாய்மாரை வெளியே நிறுத்துவதுதான் அப்போதைய வழக்கம். நீ யாரையும் கேட்கவில்லை. "கூடவே இருங்க. நீங்களே ஊட்டுங்க" என்றாய்.

அவள் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். அவன் கக்கினான்; கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ஊட்டினாள். பொழுது சாயும்போது கரண்டியைத் தட்டிவிட்டு ஓவென்று அழுதான். "ஏளா, கண்ணீரு வருது பாரு!" என்று கத்தினாய். உனக்கும் வந்தது.

மறுநாள் பலகையில் "கூட இருக்கும் அறை" என்று மாற்றி எழுதினாய். இது ஆராய்ச்சிக்கூடமா, சத்திரமா என்று பெரிய டாக்டர்கள் கேலி செய்தார்கள். "தாய வெளிய நிறுத்திட்டு என்னத்தக் கண்டுபிடிக்கப் போறோம்?" என்று சீறினாய். அதன்பின் ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் ஒரு ஸ்டூல் வந்தது.

போன வருடம் நீ கடைசியாகப் படுத்திருந்த பெரிய ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சை அறைக்குக் கண்ணாடிக் கதவு. "உள்ள யாரும் வரக்கூடாதும்மா" என்றாள் நர்ஸ். நல்ல பெண்தான், சட்டம் அப்படி. நீ தலையைத் திருப்பி யாரையோ தேடினாய். கையை ஆட்டினேன், பார்த்தாயோ இல்லையோ. உன் உதடு காய்ந்திருந்தது கதவுக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. ஒரு கரண்டி தண்ணீர் கொடுக்க என்னை விடவில்லை.

இன்றும் எந்த வார்டுக்குள் போனாலும் என் கண் முதலில் ஸ்டூலைத்தான் தேடும். இல்லையென்றால் எங்கிருந்தாவது இழுத்து வந்து கட்டிலோரம் போடுவேன். கிழவிக்குக் கிறுக்கு என்று சின்ன டாக்டர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எத்தனையோ தாய்மாருக்கு நீ போட்டுக் கொடுத்தாய். உன் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூல் போட அன்றைக்கு ஆள் இல்லையே, ஏளா.