கமலாட்சி நட்ட தக்காளி

3 ஜனவரி 1971
பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியாயிற்று. கமலாட்சி இன்றும் சரியாகச் சாப்பிடவில்லை. மாகறலில் புருஷன் வீட்டில் அவளுக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. ஐப்பசியில் இவர் போய்த் தங்கையை இங்கே அழைத்து வந்தார். அன்றிலிருந்து யாரோடும் பேச்சில்லை. அண்ணி என்று என்னிடமும் இல்லை. வந்த வாரமே கிணற்றடியில் தக்காளி நட்டாள். அதற்குத் தண்ணீர் விடும்போது மட்டும் முகத்தில் ஏதோ அசையும். இப்போதைக்கு அது போதும் என்றிருந்தேன்.

இன்று காயில் ஓட்டை.

5 ஜனவரி
பச்சைப் புழு. பக்கவாட்டில் வெளிறிய கோடு. தலையைக் காய்க்குள் விட்டு, பாதி உடம்பை வெளியே வைத்துக்கொண்டு தின்கிறது. ஒன்றையும் முழுதாகத் தின்பதில்லை. கொஞ்சம் குடைந்துவிட்டு அடுத்த காய்க்குப் போகிறது.

கமலாட்சி பார்த்துக்கொண்டே நின்றாள். குடத்தை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

6 ஜனவரி
சாம்பல் தூவினேன். பயனில்லை.

9 ஜனவரி
புகையிலை ஊறிய தண்ணீரைத் தெளித்தேன். இலைக்கு அடியில் அப்பியிருந்த அசுவினிப் பூச்சி செத்தது. புழு சாகவில்லை. காய்க்குள் இருப்பதை அது எப்படித் தொடும்? மூன்று முறை கழுவியும் கை நாறுகிறது.

11 ஜனவரி
இவர் தறியை விட்டு எழுந்து சைக்கிளில் போய் ஒரு பாட்டில் வாங்கி வந்தார். "வயலுக்கு அடிக்கிற மருந்துமா. ஒரே நாள்ல எல்லாம் செத்துடும்." பாட்டிலின் மேல் மண்டை ஓடு.

அவரை வாசலிலேயே மறித்தேன். "இது இந்த வீட்ல ஒரு நிமிஷம் இருக்கக் கூடாது. திருப்பிக் குடுத்துட்டு வாங்க."

"இன்னா ஆச்சு உனக்கு?"

கமலாட்சி படுத்திருந்த அறையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். முகம் வெளுத்துப்போச்சு. உடனே பாட்டிலை எடுத்துக்கினு போயிட்டார்.

14 ஜனவரி
பொங்கல் பொங்கியது. அவள் எழுந்து வரவில்லை.

17 ஜனவரி
ஓட்டை விழுந்த காய்களைத் தினமும் பறித்து வேலி ஓரம் கொட்டுகிறேன். விடிந்தால் மறுபடியும் புழு. எங்கிருந்துதான் வருது? ஒரு செடியைக் காப்பாத்த முடியல. இவளை எப்படிக் காப்பாத்தப் போறேன்?

20 ஜனவரி
காலையில் வேலிப்பக்கம் போனேன். பின்னாலிருந்து குரல்.

"அங்க கொட்டாதீங்க அண்ணி."

அசையாமல் நின்றேன்.

"புழு உசுரோட இருக்குது. ஊர்ந்து வந்து திரும்ப ஏறிக்குது. மண்ணெண்ணெய்த் தண்ணில போடுங்க."

இத்தனை நாளும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஒரு டப்பாவில் கலந்து கொண்டுவந்தேன். புழுக்களை ஒவ்வொன்றாக அவளே போட்டாள். பிறகு செடியடியில் கொத்தினாள். மண்ணுக்குள் பழுப்பாகக் கூட்டுப்புழுக்கள். நல்லதாக இருந்த செடியின் அடியில்கூட இவ்வளவு! கொத்திக்கொண்டே இருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கொழந்தை மொகத்தக் கூடக் காட்டல அண்ணி."

மண் கையோடு கட்டிக்கொண்டேன். இவரும் தறியை நிறுத்திவிட்டார்.

28 ஜனவரி
புழு குறைந்தது. ஆனால் இலையெல்லாம் சுருண்டு போயிற்று. செடியைத் தொட்டால் வெள்ளை ஈ மாவு மாதிரிப் பறக்கிறது. பூ வைப்பதே நின்றுவிட்டது. தோற்றுவிட்டோம். இவ்வளவு செய்தும்!

அவளே எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கினாள். நான் கையைப் பிடித்தேன்.

"வுடுங்க அண்ணி. இது தேறாது. வச்சிக்கினு இருந்தா பக்கத்து வீட்டுச் செடிக்கும் பரவும்."

எரித்தோம். பச்சைச் செடி, புகை கண்ணைக் கரித்தது. இனி எதற்காக எழுந்து வெளியே வருவாள் என்று தெரியவில்லை.

31 ஜனவரி
மத்தியானம் இவரும் நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கமலாட்சி தானாகவே ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டாள்.

"குழம்புல உப்பே இல்ல அண்ணி."

இவர் குனிந்த தலை நிமிரவில்லை. நான் எழுந்து போய் உப்பு ஜாடியை எடுத்து வந்தேன்.