வீட்டு வாசல் வரை கார் வரும்

நெல்லிவளவு,
புரட்டாசி 4, சனிக்கிழமை.

அன்பு மகள் நிர்மலாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மலைமேல் நாங்கள் சுகம், கடல் தாண்டி ஜாவாவில் இருக்கும் நீயும் உன் மில்லும் சுகமாக இருக்க கரியராமர் சாமி துணை. நாங்கள் சுகம் என்று எழுதியதில் சிறிது திருத்தம் இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதம். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்கு இது என்று கேட்பாய். போனில் உன் குரலைக் கேட்டதும் எனக்குப் பொய் தானாக வந்துவிடுகிறது. பேப்பரில் ஒவ்வோர் எழுத்தாக எழுத வேண்டியிருப்பதால் பொய் அவ்வளவு வேகமாக வருவதில்லை. போன வாரம் கரியாலூர் தபாலாபீசில் ஜாவாவுக்குக் கடிதம் போகுமா என்று விசாரித்தேன், அங்கிருந்தவர் ஒரு பெரிய புத்தகத்தைப் புரட்டிவிட்டு, ஜாவா இல்லை, இந்தோனேசியாதான் இருக்கிறது, பரவாயில்லையா என்றார். பரவாயில்லை, அங்கே போய்ச் சேர்ந்தால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றேன்.

செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, காளைக்கன்று. சாமை நன்றாக வந்திருக்கிறது, மரவள்ளியில் பாதியைப் பன்றி தோண்டிவிட்டது, மீதிப் பாதியை அடுத்த வாரம் தோண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அங்கே சோயாவைப் புளிக்க வைத்துக் கட்டியாக்கிச் சாப்பிடுகிறார்கள் என்றாயே, வயிற்றுக்கு ஒத்துக்கொண்டால் சாப்பிடு, ஒத்துக்கொள்ளாவிட்டால் மரியாதைக்காகச் சாப்பிடாதே. பஞ்சு தூசிக்கு மூக்கில் துணி கட்டிக்கொள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன கார்த்திகையில் உன் மில்லுக்குப் பக்கத்து ஊரைப் பற்றிய தாள் ஒன்றைத் தமிழில் எழுதி அனுப்பினாய், நினைவிருக்கும். பார்க்க வருகிறவர்களும் முதல் போட வருகிறவர்களும் படிப்பதற்காக அந்த ஊர்க்காரர்களே எழுதி வைத்தது. இத்தனை வீடு, இத்தனை ஆடு, தென்னையில் சர்க்கரை காய்ச்சுகிறோம், தங்க இரண்டு அறை உண்டு என்று வரிசையாக இருந்தது. அதில் ஒரு வரி எனக்குப் பிடித்திருந்தது, மழை மாதங்களில் எங்கள் பாலம் தண்ணீருக்குள் போய்விடும், அப்போது வராதீர்கள் என்று எழுதியிருந்தார்கள். வருகிறவனிடம் வராதே என்று சொல்லும் ஊர் எப்படி உருப்படும் என்று அப்போது நினைத்தேன். அதே மாதிரி நம் நெல்லிவளவுக்கும் எழுதலாம் என்று நீ ஆசைப்பட்டு, வாராவாரம் என்னைக் கேள்வி கேட்டாய். வீடு ஐம்பத்து நான்கு, ஜனம் இருநூற்றுப் பன்னிரண்டு, தேன், கடுக்காய், சாமை, பலா, நடக்கும் தூரத்தில் அருவி. இதெல்லாம் உண்மை. நான் போன பிறகு ரோடு போட்டார்களா என்று கேட்டாய். போட்டாச்சு கண்ணு, வூட்டு வாசல் வரைக்கும் காரு வருது என்றேன். நர்ஸம்மா வருகிறார்களா என்றாய். வாரம் தவறாமல் வருகிறார்கள் என்றேன். பின்னால் என்ன சத்தம் என்று கேட்டாய். கள்ளக்குறிச்சி மார்க்கெட்டுக்கு வந்திருக்கிறேன் என்றேன். நான் கள்ளக்குறிச்சியில் இருந்தது மட்டும் நிஜம். நின்றது ஆஸ்பத்திரி வாசலில். உள்ளே உன் அப்பா படுத்திருந்தார்.

பதறாதே, இப்போது நடக்கிறார், முழுக்கப் படி. கார்த்திகை ஆறாம் தேதி மரவள்ளி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கும்போது ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்தார், வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது. அன்புச்செல்வனும் இன்னும் மூன்று பேரும் கம்பளியை மூங்கிலில் கட்டி அதில் படுக்க வைத்துத் தார் ரோடு வரை தூக்கிப் போனார்கள். அது வரைக்கும் அவர் சத்தம் போடவில்லை, வண்டியில் ஏற்றிய பிறகு, மூட்டை இன்னா ஆச்சு என்று மட்டும் கேட்டார். கம்பி வைத்து நன்றாகத்தான் பார்த்தார்கள், பதினெட்டு நாள் இருந்தோம். நீ வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள் என்று சொல்லியிருந்தாய். சொன்னால் அடுத்த விமானத்தில் வந்து நிற்பாய். அதனால் சொல்லவில்லை, நீ கவலைப்படாமல் இருக்க ரோடும் நர்ஸம்மாவும் வந்துவிட்டதாகச் சொன்னேன். அதோடு நின்றிருந்தால் ஒரு தாய் செய்கிற காரியம் என்று விட்டுவிடலாம். ஆனால் உன் அப்பா, நிம்மிகிட்ட சொன்னியா என்று கேட்டபோது, சொல்லிட்டேன், லீவு கெடைக்கலியாம் என்றேன். அவர் சரி என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு வசதியாகிவிட்டது, டவர் மேட்டுப்பாறையில்தான் கிடைக்கிறது, அவரால் ஏற முடியாது. உன்னிடம் அப்பா கொல்லை வேலைக்குப் போயிருக்கிறார் என்றேன், அவரிடம் நீ விசாரித்ததாகச் சொன்னேன். என்ன விசாரித்தாள் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. ஊராரும் உனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் சொன்னதை வைத்து நம் ஊருக்கு நீ எழுதி அனுப்பிய தாளைப் பஞ்சாயத்து கிளார்க் காசிநாதனிடம் காட்டினேன். வாசல் வரை கார் வரும் என்ற வரியை நானும் படித்தேன், இதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். காசிநாதன் படித்தான். எல்லாப் பருவத்திலும் என்ற சொல்லை அவன் பங்குக்குச் சேர்த்து, அருவிப் படம் போட்டுக் கலரில் அச்சடித்து, கோடை விழாவில் எல்லாருக்கும் கொடுத்தான், மேலே ஆபீசுக்கும் ஒன்று அனுப்பினான். வைகாசியில் கோயம்புத்தூரிலிருந்து முதல் போடுகிறவர்கள் இரண்டு பேர் பெரிய காரில் வந்தார்கள், குடில் கட்டி வாடகைக்கு விட இடம் பார்க்கிறார்களாம். தார் ரோடு முடிந்த இடத்தில் காரை நிறுத்தி, மீதி ரோடு எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். அன்புச்செல்வன், இதாங்க ரோடு, கொஞ்சம் செங்குத்தா இருக்குது என்று சொல்லி நடத்திக் கூட்டி வந்தான். ஒருவர் ஓடையோடு உட்கார்ந்துவிட்டார். மற்றவர் ஊர் வரை வந்து, ராகிக் கூழ் குடித்து, மூச்சு வாங்கிய பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு, தயவு செய்து ரோடு மட்டும் போட்டுடாதீங்க, ரோடு இல்லாததுதான் இந்த ஊரோட சொத்து என்றார். அன்புச்செல்வன், அப்ப போறப்ப ஒரு மூட்டை மரவள்ளிய தூக்கிக்கினு போங்க சார், சொத்த ஜாஸ்தியா அனுபவிக்கலாம் என்றான். அவர் சிரித்தார். மூட்டையை எடுக்கவில்லை. பிறகு வரவும் இல்லை.

ஆனி மாதம் அந்த மேல் ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உன் அப்பாவைத் தூக்கிப் போன நாலு பேரும் சேர்ந்து ரோடு கேட்டு மனு போட்டிருந்தார்கள், அதற்குப் பதில். தங்கள் ஊர் வெளியிட்ட விவரத் தாளின்படி எல்லாப் பருவத்திலும் வீட்டு வாசல் வரை கார் செல்லும் சாலை ஏற்கெனவே உள்ளதால் கோரிக்கை முடித்து வைக்கப்படுகிறது என்று இருந்தது. ஊர்க்கூட்டத்தில் காசிநாதன் அதை இரண்டு முறை படித்தான், இரண்டாவது முறையும் அதேதான் இருந்தது. யார் எழுதியது என்று கேட்டார்கள். நிர்மலா எழுதியது என்றான். பிறகு ஒரு பெண், அப்பன் வியுந்த பாதையவே ரோடுன்னு எய்திக்கிறாளே, வெளிநாடு போனா கண்ணு இப்பிடியா மாறும் என்றாள். இன்னொருவர், நம்ம ஊருன்னு சொல்லிக்க வெக்கமா இருந்திருக்கும் என்றார். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். வார்டு மெம்பர் என்பதால் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. கூட்டம் நம் புளியமரத்தடியில் நடந்ததால் அப்பாவும் கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டார். வீட்டுக்குள் வந்தால் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன், தண்ணி கொண்டா என்றார்.

ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே விட்டேன் கண்ணு. உன் பெயரைச் சொல்லித் திட்டினார்கள், நான் சாமை புடைத்துக்கொண்டிருந்தேன். நீதான் இங்கே இல்லையே, உனக்குக் கேட்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆடி முடிகிற சமயத்தில் அன்புச்செல்வனின் மருமகள் ஷாலினி வந்து உட்கார்ந்தாள், எட்டு மாதம், கால் வீங்கியிருந்தது. அவள் குத்தலாகப் பேசுகிற பெண் இல்லை, நிஜமாகவே கேட்டாள். அத்த, எனக்கு வலி வந்தா ஆம்புலன்ஸ்காரன் இன்னா பண்ணுவான், அந்தப் பேப்பர பாத்துட்டு வூட்டாண்ட வர ரோடு தேடிக்கினு இருப்பானா என்றாள். அவளுக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தேன். அவள் போன பிறகு முறத்தை வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் பதினைந்து கிராமசபையில் எழுந்து நின்றேன். பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன், நின்றதும் மறந்துவிட்டது. எம் பொண்ணு பொய் எய்தல, நான் சொன்னத எய்துச்சு, ரோடு இருக்குதுன்னு நாந்தான் சொன்னேன், அவங்கப்பாவுக்குக் கால் ஒடிஞ்சது அதுக்கு இன்னி வரைக்கும் தெரியாது என்றேன். அவ்வளவுதான் வந்தது. வந்திருந்த அதிகாரி, இதைத் தீர்மானமாக எழுதுவதா, தனிப்பட்ட விஷயமாக விட்டுவிடுவதா என்று காசிநாதனைக் கேட்டார். காசிநாதன், பாதிப் பாதியா எய்திடலாங்க என்றான். எல்லாப் பருவத்திலும் என்பது தன் சொந்தச் சரக்கு என்பதையும் அப்போதே ஒத்துக்கொண்டான், அந்த வரைக்கும் நல்லவன். அன்புச்செல்வன் மட்டும் என் பக்கத்தில் வந்து, ஒரு மாசமா அந்தப் பொண்ண ஊரே பேச வுட்டுட்டியேக்கா என்றான்.

வீட்டுக்கு வந்தபோது எனக்கு முன்பே சேதி வந்திருந்தது. உன் அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அப்ப அவளுக்குத் தெரியவே தெரியாதா என்றார். தெரியாது என்றேன். லீவு கேக்கவே இல்லியா என்றார். கேட்கச் சொல்லி நான் சொல்லவே இல்லை என்றேன். ஒன்பது மாதம் அந்த மனுஷன், நீ விசாரித்தாய் என்று நான் சொன்னதையும் நம்பாமல், தன் மகள் தன் காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அதை என்னிடம்கூடச் சொல்லாமல் படுத்திருந்திருக்கிறார். அடிப்பார் என்று நினைத்தேன், இத்தனை வருஷத்தில் அடித்ததில்லை, ஆனாலும் நினைத்தேன். அவர் தடியை ஊன்றி எழுந்து, தானாகவே அடுப்பாண்டை வந்து உட்கார்ந்து, சோறு கேட்டார். மூன்று முறை போட்டுச் சாப்பிட்டார். அந்த ஒன்பது மாதத்தில் அவர் இரண்டாவது முறை கேட்டு நான் பார்த்ததில்லை. சாப்பிட்டு முடித்து, நீ பண்ணது தப்பு தங்கமணி என்றார். ஆமாம் என்றேன். பிறகு உன் பேச்சையே பேசிக்கொண்டிருந்தார், நீ மூன்றாம் வகுப்பில் கணக்கில் வாங்கிய மார்க் வரைக்கும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பாரதி என்று ஒரு இன்ஜினியரம்மா வந்து அளந்தார்கள். சின்ன வயதுதான், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடையில் முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்தார்கள், இரண்டு தடவை வழுக்கினார்கள், இரண்டு தடவையும் நோட்டில் குறித்துக்கொண்டார்கள். அப்பாவின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இதையும் சேர்த்து வைக்கிறேன் என்றார்கள். மூன்று கிலோமீட்டர் நூற்று நாற்பது மீட்டர், பாதை உண்டு, சாலை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மனுவை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். ரோடு வந்துவிடும் என்று எழுத மாட்டேன், கல் நட்டு நம்பர் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் நான் கண்ணால் பார்த்தது. ஷாலினியை முன்கூட்டியே கரியாலூரில் அவள் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டோம், மெதுவாக, ஆறு இடத்தில் உட்கார வைத்து. ஆவணி கடைசியில் பெண் குழந்தை, இரண்டு கிலோ எண்ணூறு. உன் பெயரை வைக்கவில்லை, அந்த அளவுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது, அது என் மேல்தான், உன் மேல் இல்லை.

இப்போது நீ செய்ய வேண்டியது, அந்தத் தாளைத் திருத்தி அனுப்பு. தார் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும், நடுவில் ஓடை, ஐப்பசி கார்த்திகையில் தாண்ட முடியாது, அப்போது வராதீர்கள் என்று எழுது. நர்ஸம்மா மாதம் ஒருமுறை. டவர் பாறைமேல். முதல் போட வருகிறவர்கள் முதலில் நடக்க வேண்டும். தேனும் பலாவும் நான் சொன்னபடியே இருக்கட்டும், அதில் மாற்றமில்லை.

லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே, வேலையைப் பார். பொங்கலுக்கு லீவு கிடைத்தால் வா. இந்தக் கடிதம் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை போன் செய், அப்பாவைப் பாறைக்குத் தூக்கிக்கொண்டு போக அன்புச்செல்வன் ஒத்துக்கொண்டிருக்கிறான். காலைப் பற்றிக் கேள். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனாலும் கேள். என்னைத் திட்ட வேண்டுமானால் அவர் பேசி முடித்த பிறகு திட்டு, சிக்னல் போய்விடப் போகிறது. கரியராமர் சாமி உன்னை நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு வைத்திருக்கட்டும். மூக்குத் துணியை மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
வெ. தங்கமணி

அப்பாவும் எழுத வேண்டும் என்று பேனாவை வாங்கிக்கொண்டார், இது அவர் எழுத்து:

கண்ணு நிம்மி கால் பரவால்ல. மழ பேஞ்சா வலிக்குது. அப்பா.